பழைய ஒயர், புதுப் போன், நடுவில் நான்

சார்ஜர் விற்கிற தொழிலில் விற்பனை கொஞ்சம், விசாரணை அதிகம். கும்மிடிப்பூண்டி பஜாரில், ஸ்டேஷனிலிருந்து நடந்து வருகிற தூரத்தில், ஒரு சின்ன செல்போன் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சர்க்யூட் போர்டு அசெம்பிளி லைனில் நின்றவள். கடையின் பின்மேஜையில் ரிப்பேர் பார்ப்பவர் மாலிக் பாய். நான் வாயால் முடிக்க முடியாததை அவர் கையால் முடிப்பார். புதுப் போன் வாங்கி, டப்பாவுக்குள் சார்ஜரைத் தேடி, அது இல்லை என்றதும் வீட்டு டிராயரில் கிடந்த பழைய ஒயர்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தவர் நீங்கள் என்றால், நீங்களும் நம்ம கட்சிதான். மேலே படியுங்கள்.

நாலு பேருக்கு ஒரு பிளக்

முருகேசன் ஒரு வார்ப்படக் கம்பெனியில் கான்டிராக்ட் வேலை செய்பவர். நாலு பேர் தங்கும் அறை, சுவரில் ஒரே ஒரு பிளக். அவர் புதுப் போன் வாங்கிய நாளிலிருந்து அந்த அறையில் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம், அவருடைய போன் அஞ்சு மணி நேரம் பிளக்கைப் பிடித்துக்கொள்ளும். "நீ மட்டும்தான் போன் வெச்சிக்கினு கீறியா?" என்று ஒருத்தர் பாதியிலேயே பிடுங்கிப் போட்டிருக்கிறார். விடியற்காலையில் அலாரம் அடிக்கவேண்டிய போன் செத்துக் கிடந்தது. கம்பெனி பஸ் போய்விட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

"இந்தப் போனே வேணாங்க்கா, இத்த எடுத்துக்கினு வேற குடு" என்று கவுன்ட்டரில் வைத்தார். சார்ஜரைக் கேட்டேன். பையிலிருந்து எடுத்தார், முதல் முதலாக வாங்கிய போனோடு வந்த சின்ன வெள்ளை சார்ஜர். எவ்வளவு கரன்ட் போகிறது என்று காட்டும் குட்டி மீட்டரை அதில் மாட்டிக் காட்டினேன். ஐந்து வாட். "இதுல கெடுதல் ஒண்ணும் இல்ல தம்பி, இதால அவ்வளவுதான் தர முடியும். உன் போன் இதைப்போல ஆறு மடங்கு வாங்கும்" என்றேன். சார்ஜரை மட்டும் மாற்றினேன். மீட்டர் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது. அவருடைய பழைய ஒயரையும் எடுத்துவிட்டு, அந்தப் போன் கம்பெனிக்குப் பொருந்துகிற ஒயரைப் போட்டதும் எண் மளமளவென்று ஏறியது. முருகேசன் குனிந்து மீட்டரில் எண்ணைப் படித்தார். பிறகு சொன்னார்: "அப்போ இத்தினி நாளா என் போனு அண்டா தண்ணிய ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கினு இருந்துச்சா?"

நாலாவது ஒயர்

ரைஸ் மில்லில் எடை போடும் தனலட்சுமி அக்கா கடைக்கு வந்தபோதே கோபமாகத்தான் வந்தார். கையில் மூன்று ஒயர், மூன்றும் புதுசு. எதைப் போட்டாலும் போன் ஏறவில்லை. ஒயரை ஒரு பக்கமாக வளைத்து, மேலே டிபன் பாக்ஸை வைத்து அழுத்தினால்தான் ஏறுகிறது. "நாலாவது ஒயர் உங்கிட்ட வாங்கலாம்னு வந்தேன். இதுவும் ஏறலன்னா இங்கயே குந்திக்கினு இருப்பேன்" என்றார்.

ஒயரைக் காட்டப்போன என் கையை மாலிக் பாய் தடுத்தார். போனை வாங்கி அணைத்தார். சார்ஜ் போடும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மரப் பல்குச்சியின் நுனியைச் சீவி, கம்பிகளில் படாமல், மெதுவாக ஓரம் ஓரமாகக் கிளறினார். தவிடும் தூசியும் வேர்வையில் இறுகிப்போய், உளுந்து அளவுக்கு ஒரு உருண்டை வெளியே வந்து விழுந்தது. பிறகு அக்கா கொண்டுவந்த முதல் ஒயரையே செருகினார். 'டக்' என்று போய் உட்கார்ந்தது, சார்ஜ் ஏறியது. கூலி வேண்டாம் என்று பாய் கையை ஆட்டினார். தனலட்சுமி அக்கா அந்த உருண்டையைக் காகிதத்தில் எடுத்து எங்களுக்கே காட்டிச் சொன்னார்: "மூணு கடைல மூணு ஒயர் வித்தானுங்களே, ஒருத்தனாச்சும் இந்தப் போனு வாயத் தொறந்து பார்த்தானா?"

எல்லைக்கல்

ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாகய்யா என்று ஒரு விவசாயி வந்தார். மகள் வாங்கிக் கொடுத்த புதுப் போன் சட்டைப்பையில்; பழைய போன் மஞ்சள் பையில். அவருக்கு வேண்டியது பழைய போனில் இருக்கும் ஒரே ஒரு போட்டோ. நடவு நாளில் வரப்பின்மேல் நின்று எடுத்தது. படத்தின் ஓரத்தில் எல்லைக்கல் தெரியும். இப்போது அந்தக் கல் அங்கே இல்லை. கல்லே கிடையாது, வரப்பு எப்போதும் இங்கேதான் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொல்கிறார். மறுநாள் தாலுகா ஆபீஸில் விசாரணை.

அந்தப் பழைய போனில் சிக்னலும் இல்லை, வைஃபை, புளூடூத்தும் இல்லை. போட்டோவை ஒயர் வழியாகத்தான் இறக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு கடைக்குப் போய்விட்டு வந்திருந்தார். அவர் கொண்டுவந்த ஒயரைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் போன் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கம்ப்யூட்டருக்குப் போனே தெரியவில்லை. "உள்ள மெமரி போச்சுன்னு சொல்லிட்டாங்கம்மா. போட்டோ இங்க கண்ணுக்குத் தெரியுது, எப்படிப் போவும்?" என்று திரையைக் காட்டினார்.

நானும் முதலில் போன்மேல்தான் சந்தேகப்பட்டேன். பாய்தான் ஒயரைக் கையில் வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தார். திருவிழாக் கடையில் வாங்கிய ஒயர், நூல் மாதிரி இருந்தது. "இது சார்ஜுக்கு மட்டும். டேட்டா போற கம்பியே உள்ள கிடையாது" என்று சொல்லி, தன் மேஜை டிராயரிலிருந்து தடித்த கறுப்பு ஒயர் ஒன்றை எடுத்தார். மாட்டியதும் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. போட்டோ பெரிதாகத் திரையில் வந்தது. நாகய்யா தோளில் துண்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி, சுண்ணாம்பு அடித்த கல். எதிர்க் கடை ஸ்டுடியோவில் இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தோம்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். விசாரணையில் படத்தைக் காட்டினாராம். சர்வேயர் அளந்து, பழைய இடத்திலேயே கல் நட்டுவிட்டார். பாய் எடுத்துக் கொடுத்தது போலவே ஒரு ஒயர் வேண்டும் என்றார். கொடுத்தேன். அதையும் தன் பழைய ஒயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தடிமனைத் தவிர வெளித் தோற்றத்தில் வித்தியாசம் இல்லை. முனை இரண்டுக்கும் ஒன்றுதான். பாயைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா நைனா, ஒயருக்குள்ள கூடவா ஜாதி வெச்சிருக்கானுங்க?"

என் கடையில் விற்றது

இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் தற்பெருமை ஆகிவிடும். பழைய ஒயரின் முனையில் மாட்டிப் புதுப் போனில் செருகுவதற்கு ஒரு குட்டி அடாப்டர் வரும். விரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். எந்தக் கம்பெனி என்று டப்பாவில் போட்டிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜெனிபர் என்ற பெண் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். அடிக்கடி ரீசார்ஜுக்கு வருவாள். ஒரு நாள் மத்தியானம் வந்து, கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். அடாப்டர் ஒரு பக்கம் உருகி, கறுத்து, ஒயரோடு ஒட்டிப்போயிருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். வந்து பார்த்தால் நெடி. தலையணை உறையில் ஐம்பது காசு அளவுக்கு ஓட்டை. ஒயரைப் பிடுங்கும்போது இரண்டு விரல் நுனி சுட்டுக்கொண்டிருக்கிறது. சண்டைக்கு வந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்; அவளோ கைக்குட்டையோடு அதைப் பாயிடம் நீட்டினாள்.

பாய் அடாப்டரை உடைத்துப் பார்த்தார். போன் எவ்வளவு கரன்ட் இழுக்கலாம் என்று அதற்குச் சொல்லவேண்டிய சின்னப் பொருள் ஒன்று உள்ளே தப்பாகப் போடப்பட்டிருந்தது. பழைய சார்ஜரும் மெல்லிய ஒயரும் தாங்க முடியாத அளவுக்குப் போன் இழுத்திருக்கிறது. ஆறு வருஷம் போர்டு ஒட்டிய நான், அதைத் திறந்து பார்க்காமலே விற்றிருக்கிறேன். அவளுக்குப் புதுச் சார்ஜரும் ஒயரும் எடுத்து வைத்து, அடாப்டருக்கு வாங்கிய காசையும் நீட்டினேன். அவள் சார்ஜரையும் ஒயரையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். "காசு வேணாங்க்கா. அந்த டப்பால மிச்சம் கீறத யாருக்கும் குடுக்காதீங்க, எங்க ரூம்ல எல்லாரும் உங்க கிட்டதான் வாங்கறாங்க."

தானாகப் போன கால்

பெரியபாளையம் கோயில் பக்கத்தில் பூ, மஞ்சள், குங்குமம் விற்கும் சரோஜாம்மா, பஸ் பிடித்து இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம், போனில் அம்மன் இறங்கியிருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள. சார்ஜ் போட்டுக் கீழே வைத்தால் திரை தானாக நகர்கிறதாம். யாரும் தொடாமலே ஆப் திறக்கிறது, எழுத்து விழுகிறது. போன வாரம் அது தானாகவே ஒரு நம்பருக்குக் கால் போட்டுவிட்டது. போனில் முதல் பெயராக இருந்தது 'அக்கா'. மூன்று வருஷமாக அந்த அக்காவோடு பேச்சு கிடையாது. சரோஜாம்மா தன் மகள் கல்யாணத்துக்குத் தட்டில் வெத்தலை பாக்கு வைத்து முறையாகக் கூப்பிடவில்லை என்று அக்கா முறைத்துக்கொண்டு போனவர்.

"கட் பண்றதுக்குள்ள எடுத்துட்டா. 'இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சாடி'ன்னு கேட்டா. நான் போடல, போனே போட்டுச்சுன்னு எப்படிச் சொல்றது? ஆமாக்கான்னேன். ரெண்டு பேரும் அழுதுக்கினே இருந்தோம்" என்றார் சரோஜாம்மா. மறுநாள் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போகிறாராம்.

சார்ஜரை வாங்கிப் பார்த்தேன். பேர் ஊர் இல்லாத பழைய சார்ஜர். அதை மாட்டினால் திரை தானாகத் துள்ளியது. என் சார்ஜரை மாட்டினால் அசையாமல் கிடந்தது. மட்டமான சார்ஜரில் கரன்ட் சுத்தமாக வராது, அதைப் போன் விரல் என்று நினைத்துக்கொள்ளும், இதை வைத்துக்கொள்வது ஆபத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சரோஜாம்மா பொறுமையாகக் கேட்டார், புதுச் சார்ஜர் வாங்கிக்கொண்டார். பழையதை நான் குப்பை டப்பாவில் போடப்போனபோது சட்டென்று என் கையைப் பிடித்தார்: "இரும்மா, இன்னொரு தபா மட்டும் போட்டுக்கறேன், எங்க நாத்தனாரு ஒருத்தி பாக்கி கீறா."

ஆக, இத்தனை வருஷக் கடை அனுபவத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: போனில் குறை என்றால் ஜனங்கள் ஒயரை மாற்றுகிறார்கள், ஒயரில் குறை என்றால் போனை மாற்றுகிறார்கள், இரண்டிலும் குறையில்லை என்று சொன்னால் கடையை மாற்றிவிடுகிறார்கள்.