மாத்திரை தொடங்கிய வாரம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குத் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார் என் கணவர். அவருடைய வலது காலைச் செருப்புதான் முதலில் காட்டிக்கொடுத்தது. சாயங்காலம் கழற்றினால், வார் பதிந்த பள்ளம் ராச்சாப்பாடு முடிந்தும் மேடாகவில்லை. அதற்கு முன்பே கவட்டில் நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வந்து வந்து போயிருந்தது.

பெரியாஸ்பத்திரி டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு யானைக்கால் புழு என்றார். பழைய ஊசி ஒன்று உண்டாம். புழுவோடு ஆளையும் வாட்டுமாம். அதை அவரே வேண்டாமென்று தள்ளினார். மாத்திரை இருக்கிறது, மூன்று வேளை, சாப்பிட்டபின். ஆனால் ரத்தத்தில் திரியும் புழுக்குஞ்சுகள் சாகும்போது உடம்பு கொதிக்கும், தலை சுற்றும், கால் இன்னும் வீங்கினாலும் வீங்கும். முதல் வாரம் பஸ்ஸைத் தொடக்கூடாது. மாத்திரையே வேண்டாமென்று விட்டால்? வீக்கம் கல்லாகிவிடும், அப்புறம் எந்த மருந்துக்கும் இறங்காது.

"லீவு கேட்டா இன்னாத்துக்குன்னு கேப்பாரு மொதலாளி," என்றார் வீட்டுக்கு வந்ததும். "கால்னு சொன்னா வேற டிரைவரு. அவ்ளோதான்."

"அப்ப மாத்திரையத் தள்ளிப் போடுங்க."

"தள்ளிப் போட்டா காலு பூடும். இன்னாமே பண்றது, ரெண்டு பக்கமும் இடி."

மாத்திரையும் தொடங்கினார், பஸ்ஸையும் விடவில்லை. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உலை கொதித்தால் அவர் நெற்றி. கதவு தட்டினால் விபத்தென்று போலீஸ். மறுநாள் காலை டிரைவர் சீட்டுக்குப் பின்னால், காணிப்பாக்கம் போகிற கிழவிகளுக்கு நடுவில், டிக்கெட் வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா வதினா, அண்ணன் மேல சந்தேகமா?" என்றார், என்னைத் தெலுங்கில் அண்ணி என்றே அழைக்கும் கண்டக்டர். "பாகாலாவுல எவளாச்சும் ஏறுவாளான்னு பாக்க வந்தியா?"

பஸ்ஸே சிரித்தது. கண்ணாடியில் அவரும் சிரித்தார். நான் பார்க்க வந்தது பிரேக்கை. கால் எழுகிறது, அழுந்துகிறது. எழுகிறது, அழுந்துகிறது. பாகாலா தாண்டியதும் எழுவதற்கு நேரம் பிடித்தது. அவர் பிடரியில் மயிர் சிலிர்த்து நின்றது. கொளுத்துகிற வெயிலில் ஒரு மனிதருக்குக் குளிர்கிறது; அவர் காலை நம்பிப் பின்னால் ஒரு பஸ் ஜனம் முறுக்குத் தின்கிறது. கண்ணைத் திறந்துகொண்டே ஜெபம் பண்ணினேன். மூடினால் கால் தெரியாது.

சந்திரகிரிக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி குறுக்கே திரும்பியது. பிரேக் பிடித்தது. பிடித்து நின்ற இடத்தில் மாட்டின் வால் எங்கள் முகப்பில் அடித்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. அவர் பஸ்ஸை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினார்.

"ரிப்பேராண்ணா?" கண்டக்டர் ஓடி வந்தார்.

"பஸ்ஸுக்கு இல்லடா, எனுக்கு. ஆனக்காலு. மாத்திர துன்னுக்கினு இருக்கறன், காச்சலு ஏறிப்போச்சி. வேற ஆள இட்டுக்கினு வா."

எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னார். பக்கத்துச் சீட்டு அம்மா புடவையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தாள்.

"ஒட்டாது தாயி," என்றார் அவளிடம். "கொசு கட்ச்சாதான். நல்லா குந்து."

கண்டக்டர் சந்திரகிரிக்குப் போய், ஓய்விலிருந்த ஒரு டிரைவரை அழைத்து வந்தார். இவர் மெல்ல இறங்கி, சுற்றி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். அனலாக அடித்தது உடம்பு.

"மொதலாளிக்கு யார் சொல்றது?" என்று கேட்டேன்.

"நான்தான். சாயங்காலம்."

"வேலை?"

பஸ் நகர்ந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய வலது கால், ஒன்றுமே இல்லாத தரையை அழுத்தியது.

"விடுங்க," என்றேன். "பிரேக்க அவரு பிடிப்பாரு."

திருப்பதி வரைக்கும் அழுத்திக்கொண்டேதான் வந்தார்.