இரண்டு பாடவேளைக்கு லப்டொப் வண்டி

2009 இல் நான் கிழக்கு லண்டனில் ஒரு இடைநிலைப் பாடசாலையில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடமாக அங்கே மின்சுற்று என்றால் நான்தான். எந்த மேசையில் மின்குமிழ் எரியாவிட்டாலும் வயரை விரலால் தடவி, உள்ளே அறுந்த இடத்தைச் சொல்லிவிடுவேன். அந்தப் பெருமையில் மண்ணைப் போடவென்றே சென்னையிலிருந்து ஒருத்தி ஆசிரியையாக வந்து சேர்ந்தாள்.

என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். பக்கத்து அறை. வயரைத் தொடவே மாட்டாள். லப்டொப்புகள் அடுக்கிய, பாடசாலைக்கு இருந்த ஒரேயொரு லப்டொப் வண்டியை உருட்டிக்கொண்டு போய், பிள்ளைகளைத் திரையிலேயே சுற்றைக் கட்ட விடுவாள். வயருக்குள் நீலப் புள்ளிகள் ஓடும். இன்னொரு மின்கலத்தைச் சேர்த்தால் புள்ளிகள் விரைந்து ஓடும், குமிழ் பளிச்சென்று எரியும். நான் கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்திய இலத்திரன் ஓட்டத்தை அவளுடைய பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கண்ணால் கண்டார்கள். நாங்கள் ஏன் அந்த அறையில் இல்லை என்று என் வகுப்புப் பிள்ளையொன்று முகத்துக்கு நேரே கேட்டது. அது படம் காட்டுகிற வேலை, விஞ்ஞானம் இல்லை என்று ஆசிரியர் அறையில் சொல்லித் திரிந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

செவன் கிங்ஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் என் புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் கணவருக்குக் காது புளித்துவிட்டது.

"அந்தப் பிள்ளையிட்டையே கேட்டு நீரும் பழகுமன்," என்றார்.

"எனக்கு ஒருத்தரும் பழக்கத் தேவையில்லை," என்றேன்.

அடுத்த வருடத்துக்குப் பதினோராம் ஆண்டின் கெட்டிக்கார வகுப்பை எடுக்க ஆள் தேவைப்பட்டது. நான் வருடக்கணக்காகக் காத்திருந்த வகுப்பு அது. எங்கள் இருவரின் பாடத்தையும் ஒரே நாளில் பார்த்து முடிவு செய்வதாகத் துறைத்தலைவர் சொன்னார். அவளுக்கு இரண்டாம் பாடவேளை, எனக்கு மூன்றாவது, இருவருக்கும் மின்சுற்று. உடனே போய், ஆசிரியர் அறைச் சுவரில் தொங்கிய பதிவுத் தாளில் லப்டொப் வண்டியை இரண்டு வேளைக்கும் என் பெயரில் எழுதினேன். இரண்டாம் வேளையில் எனக்கு வகுப்பே கிடையாது.

அன்று வண்டியை என் வெறும் அறைக்குள் உருட்டி வைத்து, அதன் பக்கத்திலேயே இருந்து கொப்பி திருத்தினேன். கால் மணிநேரம் போயிருக்கும், அவள் கதவைத் தட்டினாள். கையில் வயர்க்கட்டு, முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"அக்கா, பாதிப் பேருக்கு பல்பு எரியவே மாட்டேங்குது. ஒரு நிமிஷம் வரீங்களா?"

அவள் கண் வண்டியில் பட்டது. உடனே திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வாறன்," என்றேன். வேறென்ன சொல்ல? அங்கே துறைத்தலைவர் பின்வரிசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து மேசைகளில் அறுந்த வயரைக் கண்டுபிடித்து மாற்றினேன். குமிழ்கள் எரிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் கண்முன்னே இது நடந்ததில் உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம்.

மூன்றாம் வேளையில் துறைத்தலைவர் என் அறைப் பின்வரிசையில் இருக்க, எனக்கும் ஏலும் என்று காட்ட லப்டொப்புகளைக் கொடுத்தேன். அந்தச் சுற்றுக் கட்டும் மென்பொருளை வீட்டில் ஒருமுறை திறந்து பார்த்ததோடு சரி. ஒருத்தி மின்கலத்தின் இரண்டு முனைகளையும் ஒரே வயரால் நேரே இணைக்க, திரையில் மின்கலம் தீப்பிடித்தது. அடுத்த நிமிடம் வகுப்பு முழுக்க அதே விளையாட்டு. எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. அந்த வயர்கள் அறுவதுமில்லை, என் விரலுக்கு அங்கே வேலையுமில்லை. சத்தம் கேட்டு அவள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்து, வரட்டுமா என்று கையால் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

வகுப்பு அவளுக்குப் போனது. துறைத்தலைவர் காரணத்தை மூடி மறைக்கவில்லை. தனக்குத் தெரியாததை அவள் தெரிந்தவரிடம் போய்க் கேட்டாள், நீங்கள் கேட்கவில்லை என்றார்.

மரியாதைக்கு அவளிடம் போய் வாழ்த்துச் சொன்னேன். அதோடு வந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"வண்டி என்னட்டை சும்மா நிண்டதைக் கண்டனீங்கள்தானே? பிறகும் ஏன் என்னைக் கூப்பிட்டனீங்கள்?"

"கதவைத் தட்டுறதுக்கு முன்னாடியே தெரியும் அக்கா. தாள்ல உங்க பேரைப் பார்த்தேனே. ஆனா வயர் விஷயம் இங்க உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் கதவைத் தட்டியிருக்கவே மாட்டேன். அவள்மேல் எனக்குத் தாங்கமுடியாத பொறாமை வந்தது அப்போதுதான்.