‘கேட்டது’ என்ற கட்டத்தில் என் தங்கை

தாலுகா ஆபீஸ் கூடத்துச் சுவரில் அந்தக் கரும்பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். புயலுக்கு முந்தின நாள் எதிர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வந்தது. அதன் வலது மூலையில் ‘பதிவு 38, வருகை 35’ என்று யாரோ ஓர் ஆசிரியை எழுதியது அழியாமல் இருந்தது. வராத மூன்று பிள்ளைகள் யார், காய்ச்சலா, வேறு ஏதாவதா என்று நான் கவலைப்படத் தொடங்கிவிட்டேன். என் சுபாவம் அப்படி. பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணுவேன். பஸ்ஸில் ஏறினால் அவசர வழிக் கண்ணாடி எது என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்குவேன். “உட்கார்ந்த இடத்துலயே உங்களுக்குப் புயல் அடிக்கும்” என்பாள் என் மனைவி. அந்த முறை உண்மையாகவே புயல் வந்துகொண்டிருந்தது.

தாசில்தார் அம்மா அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு, மீதிப் பலகையில் இரண்டு கோடு இழுத்து மூன்று கட்டங்கள் ஆக்கினார். ஒன்றின் தலையில் ‘பார்த்தது’ என்று எழுதினார். அடுத்ததில் ‘கேட்டது’. மூன்றாவதில் ‘தெரியாது’. தாலுகாவின் எல்லா கிராமங்களையும் மூன்றாவது கட்டத்தில் எழுதச் சொன்னார். “இன்னும் புயலே வரலையே மேடம்” என்றேன். “அதனாலதான் சார். நாளைக்குக் காலையில எல்லா ஊரும் இங்கதான் இருக்கும். ஒவ்வொண்ணா வெளிய எடுக்கணும்” என்றார். நான் அப்போது துணைத் தாசில்தார், ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்தவன். அவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். நன்னிலம் பக்கத்து விவசாயக் குடும்பம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால், பதில் வரும்வரை கண்ணை எடுக்கமாட்டார்.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள் செய்தார். போன் எடுப்பவர்கள் கூடத்தில் உட்கார வேண்டும். எந்தக் குழுவை எங்கே அனுப்புவது என்று திட்டம் போடுபவர்கள் பக்கத்து ரெக்கார்டு அறையில் உட்கார வேண்டும், நடுக்கதவைச் சாத்திக்கொண்டு. “போன் அடிக்கிற இடத்துல உட்கார்ந்து யோசிச்சா, யார் பெருசா சத்தம் போடுறாங்களோ அவங்களைப் பத்திதான் யோசிப்போம்” என்றார். இரண்டாவது ஏற்பாடு விசித்திரமாக இருந்தது. போனில் யாரும் ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்கக் கூடாது. எங்கே நிற்கிறீர்கள், என்ன பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள் என்பவை மட்டும்தான் கேள்விகள். எங்கள் ஆபீஸ் உதவியாளருக்கு இது பெரிய வேடிக்கை. “நலம் விசாரிக்கக் கூடாதுன்னு ஒரு கவர்மெண்டு ஆர்டரா! நல்லவேளை, நம்ம சார் எண்ணக் கூடாதுன்னு ஆர்டர் போடலை” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

விடிவதற்கு முன் புயல் கரையைக் கடந்தது. வெளிச்சம் வந்ததும் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். எதிரே இருந்த தென்னந்தோப்பில் நிற்கும் மரங்களை எண்ணுவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான் சொல்வேன். செல்போன் கோபுரங்கள் பெரும்பாலும் செத்துவிட்டன. ஒரு பழைய தரைவழித் தொலைபேசியும் போலீஸ் ஒயர்லெஸ்ஸும் எங்களிடம் இருந்தன. அந்தத் தொலைபேசி கீழே வைக்க விடாமல் அடித்தது. ஒருவர் அழுதுகொண்டே, “ஊரே போச்சு மேடம், ஒரு வீடு மிச்சமில்ல” என்றார். “எங்க நின்னு பேசுறீங்க ஐயா?” என்று கேட்டார் தாசில்தார் அம்மா. “தஞ்சாவூர்ல இருந்து பேசுறேம்மா.” “ஊர் போனதை யார் பார்த்தாங்க?” “எங்க சித்தப்பா சொன்னாரு. அவரு திருச்சியில இருக்காரு.” தாசில்தார் அம்மா சிரிக்கவில்லை. “சரிங்கய்யா, ஊர்ல யார்கிட்டயாவது நேரா பேச முடிஞ்சா உடனே எங்களுக்குச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டு, ‘கேட்டது’ கட்டத்தில் அந்த ஊரை எழுதச் சொன்னார்.

பலகையில் எழுதுவது என் வேலை. காலை கொஞ்சம் ஏறியபோது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். “இந்த ஒரு ஊர் பேரு மட்டும் ஏன் சார் கோணலா இருக்கு?” என்றார். முத்துப்பேட்டைப் பக்கம் கடலோரமாக இருந்த ஒரு கிராமம் அது. “என் தங்கச்சி அங்க வாக்கப்பட்டிருக்கு மேடம். மாப்பிள்ளை, அது, ரெண்டு பேருதான். பிள்ளைங்க ரெண்டும் சிங்கப்பூர்ல” என்றேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு பிறந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். அவர் கையை நீட்டினார். “சாக்பீஸைக் குடுங்க சார். இன்னைக்கு உங்க கை அந்த ஊர்ப் பக்கம் சாயும். சாயலைன்னாத்தான் தப்பு. ஆனா பலகை சாயக் கூடாது. நீங்க ஒயர்லெஸ்கிட்ட உட்காருங்க.” எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷ சர்வீசில் என் கையிலிருந்து யாரும் வேலையைப் பிடுங்கியதில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் அந்தக் கிராமத்து வி.ஏ.ஓ.விடமிருந்து ஒயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. பக்கத்து போலீஸ் ஸ்டேஷன் வரை நடந்து வந்து பேசினார். “ஊர் நலம். ஓடு பறந்திருக்கு, உயிர்ச்சேதம் இல்லை.” கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உதவியாளர் ஓடி வந்து, “சார், தங்கச்சி தப்பிச்சாச்சு. இனிமே நிம்மதியா தேங்காய எண்ணுங்க” என்று டீயைக் கையில் கொடுத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டீயை வாயில் வைப்பதற்குள் பலகையைப் பார்த்தேன். தாசில்தார் அம்மா என் தங்கையின் ஊரை ‘கேட்டது’ கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

“மேடம், வி.ஏ.ஓ.வே சொல்லிட்டாரே” என்றேன். என் குரலில் கோபம் இருந்தது. நல்ல செய்தி ஒன்று கையில் வந்து விழுந்திருக்கிறது, அதை இந்த அம்மாள் ஏன் பாதியில் நிறுத்துகிறார்? அவர் ஒயர்லெஸ்ஸை என் கையிலிருந்து வாங்கினார்.

“எங்க நின்னு பார்த்தீங்க?”

“மெயின்ரோட்டுல மேடம். வடக்குத் தெரு முழுக்க நடந்து பார்த்துட்டேன்.”

“வடிகாலுக்குத் தெற்கே?”

“நடைபாலம் முறிஞ்சு கிடக்கு மேடம், போக முடியல. ஆனா காலையில டவர் ஒரு நிமிஷம் வந்துச்சு. அந்தக் கரையில ஒருத்தர்கிட்ட போன்ல கேட்டுட்டேன்.”

“என்ன கேட்டீங்க?”

“எப்படி இருக்கீங்கன்னு.”

“அவர் என்ன சொன்னாரு?”

“நல்லாருக்கோம்னாரு மேடம்.”

“அப்புறம்?”

“அப்புறம் லைன் கட்டாயிடுச்சு மேடம்.”

எங்கள் பக்கத்து மனிதர்களைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இங்கே யாரையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், முதல் வார்த்தை ‘நல்லாருக்கோம்’தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவரும் அதைத்தான் சொல்வார். விசாரித்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, அவர் வீட்டைப் பற்றித் திருப்பிக் கேட்டு, அதற்குப் பிறகுதான் மாடு செத்ததும் கடன் ஏறியதும் மெதுவாக வெளியே வரும். அந்த ‘அதற்குப் பிறகு’ வருவதற்குள் லைன் அறுந்துவிட்டது. என் தங்கை வீடு வடிகாலுக்குத் தெற்கே இருந்தது.

அப்போது மர அறுவை இயந்திரமும் ஜே.சி.பி.யும் டிராக்டரும் சேர்ந்த ஒரே ஒரு குழு வேலை முடித்து வந்து நின்றது. பெரியவர்கள் பார்வையிட வரும் நெடுஞ்சாலையை முதலில் சுத்தம் செய்யச் சொல்லி மேலே இருந்து இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. ஆளே இல்லாத இடத்துக்குக்கூட ஜெனரேட்டர் கேட்டுச் சிலர் போனில் சத்தம் போட்டார்கள். தாசில்தார் அம்மா ரெக்கார்டு அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். வாசற்படியில் திரும்பி, “நீங்க வெளிய இருங்க சார்” என்று கதவைச் சாத்தினார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்ட நேரம் அதுதான் என்று நினைக்கிறேன். கதவு திறந்தபோது சர்வேயர் கையில் கிராம வரைபடத்தோடு வந்து டிராக்டர் டிரைவரிடம் விரலால் வழி காட்டினார். வடக்கிலிருந்து போக வேண்டாம், தெற்கே அடுத்த ஊர் வாய்க்கால் கரை வழியாகப் போனால் பாலமே வேண்டாம் என்றார். நெடுஞ்சாலை காத்திருந்தது. அதற்காகத் தாசில்தார் அம்மா மேலே என்ன பதில் சொன்னார், என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாளும் சொல்லவில்லை.

மதியம் கழிந்து ஒயர்லெஸ் கரகரத்தது. குழுவோடு போன வருவாய் ஆய்வாளர் பேசினார். தெற்குக் கரையில் சுவர் இடிந்து ஒரு அம்மாள் கால் உத்தரத்துக்கு அடியில் மாட்டியிருக்கிறது, வீட்டுக்காரர் விடிந்ததிலிருந்து உத்தரத்தைத் தோளில் முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் முழங்கால் தண்ணீர் என்றார். “நீங்க பார்த்தீங்களா?” என்று கேட்டார் தாசில்தார் அம்மா. “பக்கத்துலதான் மேடம் நிக்கிறேன். உத்தரத்தை அறுத்து எடுத்துட்டோம். டிராக்டர்ல ஏத்தியாச்சு, பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகுது. நல்லா பேசுறாங்க. தாலுகா ஆபீஸ்ல எங்கண்ணன் சாப்பிட்டாரான்னு கேக்குறாங்க.” நான் நாற்காலியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் அழுதேன். உதவியாளர் அப்போது ஒரு கேலியும் செய்யவில்லை.

ரொம்ப நாள் கழித்து சர்வேயரிடம் நன்றி சொன்னேன். “அது உங்க தங்கச்சியா சார்?” என்று அவர் ஆச்சரியப்பட்டார். கதவுக்குப் பின்னால் தாசில்தார் அம்மா அதைச் சொல்லவே இல்லை. ‘பாலம் முறிந்த கரை, அரைச் செய்தி’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எனக்காகச் செய்திருந்தால் அது எனக்கு ஒரு உதவி. யாருக்காகவும் என்றில்லாமல் செய்ததால், அந்தக் கரையில் யார் இருந்திருந்தாலும் காப்பாற்றப்பட்டிருப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் என் நன்றி பெரிதாகிறது, குறைவதில்லை.

தங்கை கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியதும், ஒரு தார் வாழைப்பழத்தோடு ஆபீசுக்கு அழைத்துப் போனேன். பழத்தைத் தாசில்தார் அம்மா வாங்கிக்கொள்ளவில்லை, கூடத்தில் எல்லோருக்கும் பிய்த்துக் கொடுக்கச் சொன்னார். தங்கையை உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார். சுவர் எப்போது விழுந்தது, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஏறியது, வி.ஏ.ஓ.விடம் போனில் ‘நல்லாருக்கோம்’ என்றபோது மாப்பிள்ளை எங்கே நின்றார்.

“உத்தரத்துக்கு அடியிலதாங்கம்மா. ஒரு கையில போனு” என்றாள் தங்கை. பிறகு கைகூப்பினாள். “எப்படியோ வந்து சேர்ந்தீங்க. அது போதும்.”

“போதாதும்மா. விடிஞ்சதுக்கும் மத்தியானத்துக்கும் நடுவுல உங்களை விட்டுட்டோம்” என்றார் தாசில்தார் அம்மா. “அடுத்த மழைக்கு உங்க கரையைத் தனி ஊரா எழுதுவோம். அங்கேயிருந்து பேச ஒரு ஆள் வேணும். நீங்க பேசுறீங்களா?”

என் தங்கை எட்டாவது வரை படித்தவள். அவள் தயங்கியது ஒரு கணம்தான்.

தாசில்தார் அம்மா மாற்றலாகிப் போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் மகன் வீட்டில் உட்கார்ந்து, மழை பிடித்தால் ஜன்னலுக்கும் டி.வி.க்கும் நடந்துகொண்டிருக்கிறேன். இந்த ஐப்பசியிலும் காற்றழுத்தம் என்று சொன்னவுடன் தங்கைக்குப் போன் செய்தேன். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. நான்காவது முறைதான் எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், “அண்ணே, கொஞ்சம் வையி. தாலுகா ஆபீஸ்ல பேசிக்கிட்டிருக்கேன். பாலத்துமேல நிக்கிறேன், தண்ணி ரெண்டாவது படியில இருக்குன்னு சொல்லிட்டு வர்றேன்” என்று வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கூடப்பிறந்தவனை விட்டுவிட்டு ஆபீசுக்கு முதல் போனா? ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் திரும்ப அழைக்கட்டும் என்று காத்திருந்தேன். இந்த வயதில் எனக்கு இவ்வளவு நிம்மதியாகக் கோபப்பட முடிகிறது என்றால், அது அந்த அம்மாள் கொடுத்தது.