கன்னிமூலையில் கொட்டிய மண்

போனை எடுத்ததுமே ரத்தினசாமி அண்ணன் குரல் சரியில்லை. "ஏனுங்க, கொஞ்சம் சைட்டுக்கு வந்துட்டுப் போறீங்களா? பக்கத்துக் காம்பவுண்டு செவுரு தள்ளுதுங்க. மழ வேற புடிச்சுக்கிச்சு" என்றார். அந்தச் சுவரை ஒட்டி ஒரு வீடு இருப்பது எனக்குத் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு பைக்கை எடுத்தேன்.

நான் சூலூர் பக்கம் மண் வேலை காண்ட்ராக்ட் எடுப்பவன். அஸ்திவாரம் தோண்டுவது, செப்டிக் டேங்க் குழி, மனையை மட்டம் செய்வது என்று எல்லாமே வீட்டு வேலைகள்தான். இப்போது தவணையில் ஒரு பொக்லைன் எடுத்ததுமே தொழிலும் கூடவே வந்துவிட்டதாகச் சில தம்பிகள் நினைக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. நான் வேண்டாம் என்ற வேலை

ரத்தினசாமி அண்ணன் மில் ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர். வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்ட முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். மனை தென்மேற்கே சரிந்து கிடந்தது. வாஸ்துப்படி தென்மேற்கு, அதாவது கன்னிமூலை, எல்லா மூலையையும் விட உயரமாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் வீடு கட்டுகிற யாரும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நான் கேலி செய்யவில்லை, என் வீட்டையும் அப்படித்தான் கட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்த மூலையில் ஆள் உயரத்துக்கு மண் ஏற்ற வேண்டும் என்றால் முதலில் கருங்கல்லில் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். தண்ணீர் வெளியேற அதில் பைப் விட வேண்டும். அங்கே இருந்ததோ பக்கத்து வீட்டுக்காரர்களின் ஹாலோ பிளாக் சுவர். கோழி தாண்டாமல் இருக்கக் கட்டியது. அது மண்ணைத் தாங்காது என்று சொன்னேன்.

"வாசக்கால் வெக்கறதுக்குள்ள அந்த மூல ஒசந்துரோணுமுங்க. கல்லுக் கட்டடம் கட்டீட்டு இருந்தா முகூர்த்தம் போயிருமுங்க" என்றார்.

"அப்ப எனக்கு இந்த வேல வேண்டாமுங்கண்ணா" என்று வந்துவிட்டேன். வேறு யாரோ வந்து, அந்தச் சுவர் மேலேயே மண்ணைச் சாய்த்து, வண்டியை ஏற்றி அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாசக்காலும் வைத்தாகிவிட்டது. அதன் பிறகுதான் மழை பிடித்தது.

2. சுவருக்கு அந்தப் பக்கம்

நான் அண்ணனின் மனைக்குப் போகவில்லை. நேராகப் பின் தெருவுக்குப் போனேன். அங்கே மேரி அக்கா வீடு. தறி ஓட்டுகிறவர். காம்பவுண்டு சுவரையே பின்சுவராக வைத்து, மேலே ஷீட் போட்டு ஓர் அறை இறக்கியிருந்தார். பிரசவத்துக்கு வந்த மகள் ஜெனி அந்த அறையில்தான் படுத்திருந்தாள். பக்கத்தில் சிவப்புச் சேலைத் தொட்டிலில் குழந்தை தூங்கியது. தொட்டிலுக்குப் பின்னால் சுவர் வயிறு தள்ளி நின்றது. பிளாக் இடுக்குகளில் செம்மண் தண்ணீர் கசிந்தது.

"அக்கா, புள்ளயத் தூக்கீட்டு ஒடனே வெளிய வாங்க."

"பச்ச ஒடம்புக்காரிய இந்த மழையில எங்கீங்க கூட்டீட்டுப் போறது? ஈரம் ஊறுது, அவ்வளவுதானுங்க. செவுரு நல்லாத்தான் இருக்குது."

அவர் நகர்வதாக இல்லை. கோபமும் பயமுமாக அண்ணனிடம் ஓடினேன். அவர் சிமெண்ட் சாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார். "இதுல மண்ண ரொப்பி அந்தப் பக்கம் முட்டுக் குடுத்தரலாமுங்களா?"

"மண்ண எடுத்துப் போடோணுமுங்கண்ணா. இப்பவே."

அவர் முகம் செத்துப்போனது. "கன்னிமூலையில குழி உழுந்தா குடும்பத் தலைவனுக்கு ஆகாதுன்னு சொல்லீருக்காங்க. நானே நெஞ்சுல கத்தி வெச்ச ஒடம்பு" என்றார். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று.

அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் எனக்குப் பொறுமை இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். இத்தனை நாளில் அவர் ஒருமுறைகூட அந்தப் பின் தெருவுக்கு வந்ததில்லையாம். அறை வாசலில் குனிந்து பார்த்தார். சுவரைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். போய்த் தன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

"எந்திரி கண்ணு. காருக்குள்ள காத்துப் படாது, கண்ணாடிய ஏத்தி உட்டர்றேன். அம்மணி, நீங்களும் வாங்க" என்று குடையை அவர்களுக்குப் பிடித்தார். தான் நனைந்தார். மேரி அக்காவால் அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

3. எடுத்த விதம்

என் பொக்லைனை வரவழைத்தேன். வண்டியைச் சுவர் பக்கம் விடக்கூடாது. அதன் எடையும் அதிர்வுமே சுவரைத் தள்ளிவிடும். ஆபரேட்டர் முருகேசனைத் தூரத்திலேயே நிறுத்தி, வண்டியின் கையை முழுக்க நீட்டி, மேல் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி இழுக்கச் சொன்னேன்.

"அண்ணா, இன்னும் கொஞ்சம் கிட்டப் போனாத்தானுங்க பக்கெட் எட்டும்."

"எட்டற வரைக்கும் எடு. ஒரு அடி முன்னால போகாத."

மழை வலுத்தது. ஒவ்வொரு முறை பக்கெட் இறங்கும்போதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பாதி மண் வந்துவிட்டது, இனிச் சுவர் தப்பித்துவிடும் என்றுதான் நினைத்தேன். அப்போது பொத்தென்று ஒரு சத்தம். பிறகு ஷீட் உடைகிற சத்தம்.

சுற்றிக்கொண்டு ஓடினோம். அறையில் முழங்கால் உயரத்துக்குப் பிளாக்கும் சேறும் கிடந்தது. சிவப்புச் சேலையின் முந்தானை மட்டும் வெளியே தெரிந்தது. காரை விட்டு இறங்கி வந்த மேரி அக்கா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரத்தினசாமி அண்ணன் வெகுநேரம் அதையே பார்த்தார். "எனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னுதானுங்க பயந்துட்டு இருந்தேன். இந்தப் பக்கம் ஆளுக இருக்கறாங்கன்னு ஒரு நாளும் நெனச்சுப் பாக்கலீங்களே" என்றார். காருக்குள் குழந்தை அழ ஆரம்பித்தது. எந்தக் குழந்தையின் அழுகையும் எனக்கு அவ்வளவு நிம்மதியைத் தந்ததில்லை.

வீட்டு வேலையை நிறுத்தி வைத்துவிட்டு, அவர் முதலில் மேரி அக்காவுக்கு அறையைக் கட்டிக்கொடுத்தார். அடுத்து கருங்கல் தடுப்புச் சுவர். அதன் பிறகுதான் கன்னிமூலையில் மண் ஏறியது. அந்த மண்ணைக் கொட்டியது நான்.

மண் வேலைக்கு ஆள் தேடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். வண்டி புதுசா, ரேட் கம்மியா என்பதை அப்புறம் பாருங்கள். மனை பார்க்க வருகிற ஆள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாரா என்று முதலில் பாருங்கள். தட்டாதவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். நானும் இப்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் வண்டியை வரச் சொல்கிறேன்.