எலியம்மாவின் ரத்தம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு எலியம்மா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவள் காதுக்கும் எட்டியிருந்தது, ஆனால் கோபப்படவில்லை. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத எலி அறையில், மரத்தூள் வாடைக்கும் காற்றாடி இரைச்சலுக்கும் நடுவேதான் அவளுடைய நல்ல வயசெல்லாம் கழிந்திருந்தது.

அவள் ஆராய்ந்தது மாஸ்ட் செல் என்கிற நோய் எதிர்ப்பு அணுவை. தோலுக்கடியிலும் மூச்சுக்குழாய் ஓரத்திலும் காவல் இருக்கிற அணு அது. சிலர் உடம்பில் அது வேர்க்கடலையையும் பூந்தாதையும் எதிரி என்று தப்பாக நினைத்து, கைவசம் உள்ள ரசாயனத்தையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடும். அதுதான் ஒவ்வாமை. அந்த அணுவை அடக்கி உட்கார வைக்கிற புரதம் ஒன்றை அவள் கண்டுபிடித்திருந்தாள். அதைக் கொடுத்த எலிகளுக்கு ஒவ்வாமைப் பொருளை ஊசியில் ஏற்றினாலும் ஒன்றும் ஆகவில்லை. மருந்துக் கம்பெனிக்காரர்கள்கூட வந்து பார்த்து, பணம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவளுக்குத் தும்மல் பிடித்தது. எலி அறைக்குள் போனால் கண் எரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் நெஞ்சுக்குள் விசில் அடித்தது.

“ஊருக்கெல்லாம் அலர்ஜி பத்திப் பேசுற. உன் மூக்கு என்ன சொல்லுதுன்னு கேக்க மாட்டியா?” என்றான் கணவன்.

“தூசிங்க. பழைய கட்டடம்.”

“லீவு நாள்ல மட்டும் காணாமப் போற தூசியா?”

எலிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளுக்குத் தெரியாததா? வெளியே சொன்னால் எலி அறைக் கதவு மூடிவிடும். மாத்திரையை விழுங்கிவிட்டு, முகமூடிக்கு மேல் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கினாள்.

ஒரு மத்தியானம் கிழட்டு எலி ஒன்று கையுறையைத் துளைத்துக் கடித்தது. உள்ளங்கை அரித்தது, உதடு தடித்தது, தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த இளைய ஆராய்ச்சியாளர் ஒருத்தி ஓடிவந்து தொடையில் அட்ரினலின் ஊசி போட்டதால் உயிர் தங்கியது.

இயக்குநர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். “இனிமே நீங்க கீழ இறங்கவே கூடாது மேடம்.”

“என் எலிங்கள யாரு பாத்துக்குவா?”



யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. ஆள் இல்லை என்று சொல்லி, எலிகளைக் கூண்டு கூண்டாகக் கொன்று முடித்துவிட்டார்கள். அன்றைக்கு அவள் மாடியில் நின்று, கழுவின கண்ணாடிக் குழாய்களையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்டுக் காப்பாற்றினவள்தான் பிறகு தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“தப்பா நினைக்காதீங்க அக்கா. உங்க ரத்தம் கொஞ்சம் கிடைக்குமா? நம்ம புரதத்த மனுஷங்க அணுவுல சோதிக்கணும். உங்க அளவுக்கு அலர்ஜி உள்ள ஆளை நான் எங்க போய்த் தேடுறது?”

“எலி போச்சு, எலியம்மா இருக்காளேன்னு பாக்குறியா?” என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை ஏற்றிவிட்டாள்.

அவள் ரத்தத்தில், எலியின் முடியிலிருந்தும் எச்சிலிலிருந்தும் எடுத்த சாற்றைக் கலந்தார்கள். மாஸ்ட் செல்லுக்குப் பங்காளி முறையான ரத்த அணுக்கள் பொங்கி எழுந்தன. புரதத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். அப்போதும் பொங்கின. மறுபடியும் செய்யச் சொன்னாள். வேறு ஆட்களின் ரத்தத்திலும் பார்த்தார்கள். அதே கதைதான். எலி அணுவில் அந்தப் புரதம் பிடித்துக்கொள்ள இடம் இருந்தது. மனித அணுவில் அந்த இடமே இல்லை.

“இத இப்பவே எழுதணுமாக்கா? கம்பெனிக்காரங்க கைய விரிச்சுருவாங்க.”

“விரிக்கட்டும். எலிக்குக் கேட்டுது, எனக்குக் கேக்கல. அப்படியே எழுது.”

எழுதினார்கள். கம்பெனி விலகிக்கொண்டது. கட்டுரையைப் படித்தவர்களும் அதிகம் பேர் இல்லை. மிச்ச வருஷங்களை அவள் அலர்ஜி மருத்துவமனை ஒன்றில், பிள்ளைகளின் கையில் ஒவ்வாமைப் பொருளைச் சொட்டு வைத்துக் கீறிப் பார்க்கும் பரிசோதனையில் கழித்தாள்.

“இத ஒரேயடியா நிறுத்துற மருந்து ஏதாவது இருக்குங்களா?” என்று அங்கே பிள்ளையோடு வந்த ஒருத்தி கேட்டாள்.

“இல்லம்மா.”

அந்த அம்மா, அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்று பார்த்தாள். பிறகு பிள்ளையின் சட்டைக் கையை இறக்கிவிட்டு வெளியே போனாள்.