செவ்வாய்க்கிழமைத் தலை

முடிவெட்டும் கடைக்காரருக்கே தலையில் முடி இல்லை என்றால் ஊர் சும்மா விடுமா? மாஸ்டரை விடவில்லை. "உங்களுக்கு நீங்களே வெட்டினீங்களா மாஸ்டர், கை தவறிடுச்சா?" என்று கேட்காதவர் அந்தத் தெருவில் இல்லை. முப்பது வயதுக்குள் அவருக்கு உச்சி முதல் பிடரி வரை மழமழவென்று ஆகிவிட்டது. அதற்காக அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கேட்டவரோடு சேர்ந்து சிரித்துவிட்டு, அவர் பிடரியில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தி, "கொஞ்சம் குனிங்க" என்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் வங்கி மேலாளராக இருந்தாலும் மூட்டை தூக்குகிறவராக இருந்தாலும் குனிந்துதான் ஆகவேண்டும்.

கடையில் நாற்காலி இரண்டுதான். அதில் ஒன்றின் இருக்கை கிழிந்து, பஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கினால் இரவுதான் இறக்கம். ஞாயிற்றுக்கிழமையோ கேட்கவே வேண்டாம். தலைக்கு மேல் வேலை என்று மற்றவர்கள் சும்மா சொல்வார்கள், இவர் விஷயத்தில் அது அப்படியே உண்மை. வாங்கி வைத்த டீ ஆறி ஏடு கட்டி, அதில் நாலு முடியும் விழுந்திருக்கும். நின்று நின்று கால் வீங்கி வீட்டுக்கு வருபவரிடம் பிள்ளைகள் ஒரே ஒரு கணக்குத்தான் கேட்கும், செவ்வாய்க்கு இன்னும் எத்தனை நாள் என்று.

செவ்வாய் கடைக்கு விடுமுறை. மழையோ வெயிலோ, அன்றைக்கு இரண்டு பஸ் மாறி ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போகவேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். போகிறவர்கள் நான்கு பேர். மாஸ்டர், வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட்டும் திரைச்சீலையும் தைக்கும் அவர் மனைவி, ஐந்து வயது மகள், மூன்று வயது மகன். மகள் கண் விழித்ததிலிருந்து தூங்கும் வரை கேள்வியாய்க் கேட்பாள், அதனால் அவளுக்குக் கேள்வி என்றே பெயர். மகன் எங்கே வைத்தாலும் உருண்டுபோய் வேறு எங்கோ நிற்பான். அவன் உருளை.

சாப்பாடு பெரிதாக ஒன்றும் இருக்காது. வெண்ணெய் தடவிய ரொட்டி, மிளகுத்தூள் போட்ட உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய், எலுமிச்சை ஜூஸ். எல்லாவற்றுக்கும் மேலே, அவித்த முட்டை. அந்த முட்டைக்கு ஒரு கதை உண்டு. கேள்விக்கு இரண்டு வயது இருக்கும்போது ஒரு செவ்வாய், முட்டை ஓட்டை உடைக்க இடம் தேடினாள். சுற்றிலும் புல்தரை, எங்கே தட்டினாலும் உடையவில்லை. சற்று யோசித்துவிட்டு அப்பாவின் வழுக்கையில் 'டப்'பென்று ஒரு போடு போட்டாள். ஓடு அழகாக விரிந்தது. அன்றிலிருந்து மாஸ்டர் தலையில் தட்டாத முட்டை அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் இறங்காது. அப்பா கடையில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அவளும் பிடரியில் இரண்டு பிஞ்சு விரலை வைத்து, "கொஞ்சம் குனிங்க" என்பாள். வாரத்தில் ஆறு நாள் ஊரைக் குனிய வைக்கிற மனிதர் ஏழாவது நாள் குனிவார். அவருக்கு அதைவிடப் பெரிய சுகம் உலகத்தில் இல்லை.

அந்தச் சுகத்துக்குத்தான் ஆபத்து வந்தது. அடுத்த திங்கட்கிழமை கேள்வி பள்ளிக்கூடம் சேர்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு ஞாயிறு விடுமுறை, கடைக்குச் செவ்வாய் விடுமுறை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் எப்படி முடிச்சுப் போடுவது? ஒரு வாரமாக மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

"பொண்ணு பள்ளிக்கூடம்தானே போறா? என்னமோ கப்பல் ஏத்தி அனுப்பற மாதிரி இருக்கீங்க" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாதும்மா. இதான் கடைசிச் செவ்வாக்கிழமை. இதுல ஒரு குறையும் இருக்கக் கூடாது."

ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் குறை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும் போலிருக்கிறது. அந்தச் செவ்வாயன்று மனைவி விடியலிலேயே எழுந்து ஐந்து முட்டை அவித்தாள். ஆளுக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று. எல்லாவற்றையும் டப்பாக்களில் அடைத்து நீலக்கோடு போட்ட துணிப்பையில் வைத்தாள். ஒருமுறை திரைச்சீலை தைத்து மிஞ்சிய துணியில் ஒரே மாதிரி இரண்டு பை தைத்திருந்தாள். ஒன்று சாப்பாட்டுக்கு. மற்றொன்று, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீடு தேடிப்போய் முடிவெட்ட மாஸ்டர் கொண்டுபோகும் சாமான் பை. அது எப்போதும் வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும்.

"பஸ் வந்துடும், நான் பிள்ளைங்களைக் கூட்டிட்டு முன்னாடி போறேன். பையை எடுத்துட்டுப் பூட்டிட்டு வாங்க" என்று அவள் படியிறங்கினாள்.

சாப்பாட்டுப் பை சமையலறை மேஜையில் இருந்தது. ஆனால் வீட்டைவிட்டு வெளியே போகிற மாஸ்டரின் கை பதினாலு வருடமாக எங்கே போகுமோ அங்கேதான் போனது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், ஆணிப் பழக்கம் அதற்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. பையின் கனமும் ஏறக்குறைய அதே கனம். பஸ்ஸில் பை மடியில் இருந்தது, பையின்மேல் உருளை தூங்கினான். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

பூங்காவில் வேப்பமரத்தடியில் பாயை விரித்தார்கள். பிள்ளைகள் ஊஞ்சல், சறுக்குமரம், வாத்து விரட்டல் எல்லாம் முடித்துவிட்டுக் கபகபவென்று பசியோடு வந்து உட்கார்ந்தார்கள். கேள்வி இரண்டு விரலைத் தயாராக நீட்டிக்கொண்டு நின்றாள். மாஸ்டர் பையைத் திறந்தார். முதலில் மடித்த வெள்ளைத்துணி வந்தது. பிறகு தண்ணீர் தெளிக்கும் புட்டி, பவுடர் டப்பா, சீப்பு மூன்று, கைக்கண்ணாடி, கத்தரிக்கோல் இரண்டு.

கேள்வி ஒரு கத்தரிக்கோலை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இதை எப்படிச் சாப்பிடறது?"

மாஸ்டருக்கு முழி பிதுங்கியது. மனைவியோ கோபப்படலாமா சிரிக்கலாமா என்று ஒரு நொடி தடுமாறிவிட்டு இரண்டையும் செய்தாள். "மேஜைல வச்சிருக்கேன்னு தெரியாது? ஆணில எந்த ஊர்ல சாப்பாட்டைத் தொங்க விடுவாங்க?" என்று திட்டிக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்க முடிந்தது அவளுக்கு மட்டும்தான். பூங்காச் சிற்றுண்டிக் கடைக்கும் செவ்வாய்தான் விடுமுறை. கேள்வியின் கீழுதடு மெல்லப் பிதுங்கியது. "அப்ப முட்டை? இன்னிக்குத்தானே கடைசி?" என்றாள். மாஸ்டருக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த நாளைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

இதற்குள் உருளை உருண்டுவிட்டான். பக்கத்துப் பாயில் ஒரு நர்ஸம்மா, மதிய ஷிப்டுக்குப் போவதற்குமுன் தன் மகனோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உருளை அங்கே போய் அவள் டப்பாவையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றான். "வாடா கண்ணா" என்று அவள் ஒரு ரொட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மாஸ்டர் அசடு வழிய ஓடினார். "மன்னிச்சுக்குங்கம்மா, சாப்பாட்டை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டோம்."

"அதனால என்னண்ணா? நாலு ரொட்டி எடுத்துக்குங்க, எங்களுக்கு நிறைய இருக்கு."

சும்மா வாங்கிக்கொள்ள மாஸ்டருக்குக் கை வரவில்லை. அப்போதுதான் அவள் மகனைக் கவனித்தார். முடி கண்ணை மறைத்து, ரொட்டியோடு வாய்க்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. "பையனுக்கு வேணும்னா நான் வெட்டி விடட்டுமா? அப்பதான் எனக்கு இது இறங்கும்."

"ஐயோ, வெட்டுங்கண்ணா! கடைக்குக் கூட்டிட்டுப் போனா கத்திக் கூரையைப் பிரிக்கிறான். ரெண்டு மாசமா இழுத்துக்கிட்டிருக்கேன்."

பையன் கத்தவில்லை. எதிரே வாத்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, அவன் அவற்றை எண்ணி முடிப்பதற்குள் வேலையே முடிந்துவிட்டது. வேப்பமரத்தடியில் வெள்ளைத்துணி போர்த்தி முடி வெட்டுவதைப் பார்த்ததும் நாலு பேர் கூடிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைப் பூங்காவில் இருப்பவர்கள் யார்? ஞாயிறு விடுமுறை கிடைக்காதவர்கள்தானே. கடையில் வரிசையில் காத்திருக்க நேரமில்லாத தலைகள் அத்தனையும் அங்கே இருந்தன. ஒரு பஸ் டிரைவர் தன் தலையையும் கொடுத்து, கூட வந்த தம்பி தலையையும் கொடுத்தார்.

பேரம் பேசியது மாஸ்டர் அல்ல, கேள்வி. வருபவர்கள் பாதையை மறித்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க டப்பால என்ன இருக்கு?"

"ஆரஞ்சு இருக்கு பாப்பா."

"முட்டை?"

"முட்டை இல்லையே."

"சரி, ஆரஞ்சு குடுங்க. உட்காருங்க."

பாயில் ஆரஞ்சு, அவித்த சோளம், பிஸ்கட், பாதி கேக் என்று விருந்தே சேர்ந்துவிட்டது. மனைவி பங்கு பிரிக்க, உருளை இரண்டு கன்னமும் உப்ப மென்றுகொண்டிருந்தான். கேள்வி மட்டும் ஒரு துண்டு ஆரஞ்சோடு சரி. யாரிடமும் முட்டை இல்லை.

அப்போது பூங்காத் தோட்டக்காரர் வேகவேகமாக வந்தார். காது வரை தாடி, கையில் சருகு கூட்டும் வாரியல். "யாரு இங்க கடை போட்டது? புல்லு பூரா முடி! எந்திரிங்க, எந்திரிங்க!"

மாஸ்டர் சீப்பும் கையுமாக எழுந்து நின்றார். கேள்வி நகரவில்லை. "உங்க டப்பால முட்டை இருக்கா?" என்றாள்.

தோட்டக்காரர் வாரியலை இறக்கினார். "இருக்கு. ஒண்ணு இருக்கு. எதுக்குக் கேக்கறே?"

"இன்னிக்குக் கடைசிச் செவ்வாக்கிழமை. அப்பா தலைல உடைக்கணும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தபோது அவர் தாடிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் வெள்ளைத்துணிக்குள் உட்கார்ந்திருந்தார். தாடி சீராகி முகம் வெளியே வந்தபோது பத்து வயது குறைந்திருந்தது. கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். முடியைக் கூட்டி அள்ளி, "ரோஜாவுக்கு நல்ல உரம், விடக் கூடாது" என்று வாளியில் போட்டுக்கொண்டார். அந்த ஒற்றை முட்டையைக் கேள்வியின் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மாஸ்டர் பாயில் சம்மணம் போட்டுத் தலையைக் கொடுத்தார். விரல் பிடரியில் படவில்லை. நிமிர்ந்து பார்த்தார். கேள்வி தம்பியை இழுத்து வந்து, அவன் கையில் முட்டையை வைத்து, விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ உடைக்கலையா கண்ணு? உனக்குத்தானே வாங்கினோம்" என்றார்.

"அடுத்த செவ்வாக்கிழமை நான் இருக்க மாட்டேன்ல. இவனுக்கு ஒழுங்காத் தட்டத் தெரியாது, உங்களுக்கு வலிக்கும். இன்னிக்குச் சொல்லிக் குடுத்துடறேன்." தம்பியிடம் திரும்பினாள். "முதல்ல ரெண்டு விரல். அப்புறம் கொஞ்சம் குனிங்க சொல்லணும். அப்புறம்தான் தட்டணும். மெதுவா."

"குனி...ங்க" என்றான் உருளை. மாஸ்டர் குனிந்தார். நல்லவேளை, குனிந்தவர் முகம் யாருக்கும் தெரியாது. முட்டை உடைந்தது. அவர் வெகுநேரம் நிமிரவில்லை. மனைவி அவர் முதுகில் கை வைத்து, "போதும், எந்திரிங்க. பிள்ளைங்க பாக்குது" என்று காதோடு சொன்னாள்.

திங்கட்கிழமை கேள்வி பள்ளிக்கூடம் சேர்ந்தாள். செவ்வாய் காலை மாஸ்டர் வீட்டில் சும்மா இருந்தார். பூங்காவுக்குப் போகவில்லை. பதினொரு மணிக்கு அவரே முட்டை அவித்தார். பள்ளிக்கூடம் விடுவது மூன்று மணிக்கு. இரண்டேகாலுக்கே வாசலுக்கு எதிரில் இருந்த சிமென்ட் பெஞ்சில் மனைவி, மகன், நீலக்கோட்டுப் பை சகிதம் ஆஜராகிவிட்டார். வழியில் மூன்று முறை பையைத் திறந்து பார்த்தாயிற்று. உருளை ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா வரட்டும்" என்று அதைக் கீழே வைக்கவே மறுத்தான். பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்த அப்பாக்களில் பாதிப் பேர் மாஸ்டரின் வாடிக்கையாளர்கள். "என்ன மாஸ்டர், இங்க கடையா?" என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டார்.

மணி அடித்தது. ரிப்பன் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்க, கேள்வி வெளியே வந்தாள். பெஞ்சைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. சந்தேகத்தோடு நடந்து வந்தாள்.

"திறந்து காட்டுங்க" என்றாள்.

மாஸ்டர் திறந்து காட்டினார்.

அவள் புத்தகப் பையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள். தம்பி கையைப் பிடித்து அழைத்து வந்து பெஞ்சுமேல் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். ஊர்த் தலைகளெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, நாலு பிஞ்சு விரல்கள் பிடரியில் பட்டன.

"கொஞ்சம் குனிங்க" என்றார்கள் இருவரும்.

மாஸ்டர் குனிந்தார்.