அம்மா நடந்த மெஷின்

என் அம்மா தோற்றது ஒரே ஒரு பரீட்சையில்தான். அதில் தோற்காமல் இருக்க அவள் பட்ட பாட்டில் பாதி பட்டிருந்தால் நான் பத்தாவதில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருப்பேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். காலையில் கம்பெனி வேனைப் பிடிக்க ரயில்வே மேம்பாலப் படி ஏறும்போது பாதியில் நின்று செருப்பைச் சரிசெய்வாள். செருப்பில் ஒரு கோளாறும் இருக்காது. நடு நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல் இருக்குமாம், இடது தோள்வரை இழுக்குமாம், நின்றால் போய்விடுமாம். கேஸ் என்று சொல்லி சோடா குடிப்பாள். ஒரு நாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எனக்கு லீவு, நானும் ஒட்டிக்கொண்டேன்.

ஈசிஜி நன்றாகத்தான் இருந்தது. டாக்டருக்குத் திருப்தியில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருந்தால் படுத்திருக்கும்போது தெரியாது, நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

அம்மா புரிந்துகொண்டது வேறு. கம்பெனியில் ஆளெடுக்கும்போது ஒரு மெடிக்கல் உண்டு. கண் எரிச்சல், முதுகுவலி எதையும் அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கம்பெனி கேட்டுக்கு வெளியேதான். இதுவும் அதே கதை என்று முடிவுகட்டி, வராந்தாவில் என்னை ஓரமாக இழுத்தாள்.

"உன்ன இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத. அன்ஃபிட்னு எழுதிட்டா வேல போய்டும்."

நர்ஸ் அம்மாவின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, வலி வந்தால் உடனே சொல்லச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன். அம்மா நடக்கவைக்கும் மெஷினில் ஏறி நின்றதும் அவள் காலடியில் பட்டை ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் வேகம் கூடியது, மேடும் ஏறியது. அம்மாவின் நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது.

"வலிக்குதாம்மா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார். நல்லாத்தான் கீது."

உதடு வெளுத்திருந்தது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கைதட்டினேன்.

"அவ்ளோதாம்மா! இன்னும் கொஞ்சம்!"

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று மெஷினை நிறுத்தினார். அவளைப் படுக்கவைத்து நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள்.

"ஈசிஜி கோடு இவ்ளோ எறங்கியிருக்கு. வலிக்காம இருக்காது. ஏம்மா சொல்லல?"

"இன்னும் ரெண்டு நிமிஷம் தாங்கியிருப்பேன் சார்" என்று அம்மா அழுதாள்.

"நாங்க வேலைக்கு ஆளெடுக்கலம்மா. வலி எப்ப வருதுன்னு பாக்கத்தான் நடக்கவிட்டோம்."

மறுநாள் ஆஞ்சியோ செய்தார்கள். ஒரு குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. அம்மாவுக்கே தெரியாமல் வருஷக்கணக்கில் இருந்த சர்க்கரையின் வேலை. ஸ்டென்ட் வைத்தார்கள். அம்மா அதே பிடிவாதத்தை மாத்திரையிலும் நடைப்பயிற்சியிலும் காட்டினாள். மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். உட்கார்ந்து பார்க்கிற செக்கிங் வேலை கொடுத்தார்கள்.

அடுத்த முறை போனபோது டாக்டர் எனக்கு ஒரு சாக்லேட் நீட்டினார். வாங்கி, அவர் மேசையிலேயே திருப்பி வைத்தேன். அம்மா ஜெயிக்கிற நேரம் பார்த்து மெஷினை நிறுத்திய ஆள் என்று அவர்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். அவர் நிறுத்தாமல் விட்டிருந்தால் என் கைதட்டலுக்காக நடந்தே அம்மா செத்துப்போயிருப்பாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.